பாகற்காய்ப் பந்தலுக்கு எச்ஓஏ நோட்டீஸ்: என்ன செய்யலாம்?

புதுவீட்டுக்காரன்

வணக்கம். டாலஸுக்கு வடக்கே, காலின் கவுண்டியில் வீடு வாங்கி இந்த வருடம்தான் குடிவந்தோம். அதுவரை அபார்ட்மென்டிலேயே காலம் தள்ளியவர்கள், எச்ஓஏ (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) என்பதெல்லாம் எங்களுக்குப் புதிது. வாங்கும்போது ஏஜென்ட் "வருஷத்துக்கு 900 டாலர், நீச்சல்குளம் இருக்கு, பூங்கா இருக்கு" என்று சொன்னதோடு சரி.

இப்போது இரண்டு லெட்டர் வந்திருக்கின்றன. முதலாவது, குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறதாம். கேரேஜ் பக்கச் சுவரோரம்தான் வைத்திருக்கிறோம். காரில் போகிற போக்கில் யாரோ படம் எடுத்து லெட்டரோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். கொல்லையில் வேலியோரமாக நாலு மரக்கால் நட்டு, குறுக்கே சட்டம் வைத்து, நைலான் வலை கட்டி, பாகலும் புடலையும் ஏற்றிவிட்டிருக்கிறோம். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது நின்று போடவைத்த பந்தல். ஆறடி வேலிக்கு மேல் இரண்டடி எட்டிப் பார்க்கிறது, கொடி அதற்கும் மேலே போய்விட்டது. அதை "அனுமதி பெறாத கட்டுமானம்" என்று எழுதி, பத்து நாளில் அகற்றச் சொல்கிறார்கள். பிஞ்சு கொத்துக் கொத்தாய்த் தொங்குகிற நேரத்தில்!

என் சொந்த நிலத்தில், என் கொல்லையில் பந்தல் போடுவதைத் தடுக்க இவர்கள் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. அகற்றாவிட்டால் என்ன செய்வார்கள்? ஃபைன் போட்டால் கட்டித்தான் ஆகவேண்டுமா, வீட்டையே எடுத்துக்கொள்வார்கள் என்று ஆபீஸில் ஒருவர் பயமுறுத்துகிறாரே, அது உண்மையா? இதற்குப் பதில் சொல்லும்வரை அடுத்த சந்தாத் தவணையைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா என்றும் ஒரு யோசனை. அப்புறம் தீபாவளி வருகிறது. வாசலில் கோலம், தோரணம், சர விளக்கு இதற்கெல்லாம்கூட அனுமதி கேட்கவேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிளேனோ

தம்பி, முதலில் அந்தக் கடைசி யோசனையை விட்டுவிடுங்கள். தவணையை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். டெக்சாஸில் எச்ஓஏ வீட்டின் மேல் கை வைக்க முடிவது அந்த ஒரு விஷயத்தில்தான். ஃபைன் பாக்கி, ஃபைனுக்கான வக்கீல் செலவு, இவை மட்டுமே பாக்கி என்றால் அதற்காக வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக மாநிலச் சட்டம் அனுமதிக்கவில்லை (பிராப்பர்ட்டி கோடு என்கிற மாநிலச் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயம்). ஆனால் சந்தா பாக்கி விழுந்தால் அது வீட்டின் மேல் ஏறும் கடன். பெரும்பாலான இடங்களில் அதை வைத்துக் கோர்ட் உத்தரவு வாங்கி ஏலம் வரை போக முடியும். அப்படி ஏலம் போனாலும் 180 நாளுக்குள் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ள உரிமை உண்டு என்பது வேறு கதை, அந்த அளவுக்கு எதற்குப் போகவேண்டும். கோபத்தில் சந்தாவை நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பாக்கி வைத்த அன்றைக்கே அது அவர்கள் பக்கம் போய்விடும்.

உண்மையிலேயே பணமுடை என்றால் எழுதிக் கேளுங்கள். 14 மனைக்கு மேல் உள்ள சங்கம் குறைந்தது மூன்று மாதத் தவணைத் திட்டம் தரவேண்டும். நீங்கள் அனுப்பும் பணத்தை அவர்கள் முதலில் சந்தா பாக்கிக்குத்தான் வரவு வைக்கவேண்டும், ஃபைனுக்கு எடுத்துக்கொண்டு சந்தா பாக்கி என்று காட்ட முடியாது. தவணைத் திட்டத்தை மீறினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இனி லெட்டர். இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரணத் தபாலிலோ ஈமெயிலிலோ வரும் நினைவூட்டல். இன்னொன்று ஃபைன் போடுவதற்கு முன்னால் சட்டப்படி அனுப்பவேண்டிய நோட்டீஸ். இரண்டாவது, அனுப்பியதற்குத் தபால்துறையின் சான்று இருக்கிற மாதிரிதான் வரவேண்டும், சர்ட்டிஃபைடு மெயில் போல. அதில் என்ன மீறல், சரிசெய்ய எத்தனை நாள், நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள் நீங்கள் ஹியரிங் (உங்கள் தரப்பை நேரில் சொல்லும் வாய்ப்பு) கேட்கலாம் என்பதெல்லாம் இருக்கவேண்டும். உங்களுக்கு வந்தது எது என்று முதலில் பாருங்கள். "பத்து நாளில் அகற்று" என்று மட்டும் இருந்தால் அநேகமாக முதல் வகை.

ஹியரிங் கேட்டால் அவர்கள் 30 நாளுக்குள் நடத்தவேண்டும். அதற்குப் பத்து நாள் முன்பாகத் தங்களிடம் உள்ள படங்கள், காகிதங்கள் எல்லாவற்றையும் உங்களுக்கு அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் 15 நாள் தள்ளிவைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்று கவனம்: ஆறு மாதத்துக்குள் அதே மாதிரி மீறல் மறுபடி நடந்தால் சரிசெய்ய இன்னொரு அவகாசம் தரவேண்டியதில்லை, நேரே ஃபைன் போடலாம். ஆகவே குப்பைத் தொட்டியை இன்றைக்கே கேரேஜுக்குள்ளோ வேலிக்குப் பின்னாலோ நகர்த்திவிடுங்கள். அதில் வாதாட ஒன்றுமில்லை, வாரியெடுக்கும் நாள் தவிர மற்ற நாளில் தெருவுக்குத் தெரியக்கூடாது என்று எல்லா இடத்திலும் விதி இருக்கும்.

பந்தலுக்குச் செய்யவேண்டியது வேறு. வீட்டின் வெளித்தோற்றம் மாறுகிற எதற்கும் சங்கத்தின் அனுமதிக் கமிட்டியிடம் விண்ணப்பம் போடவேண்டும் என்று உங்கள் விதிப்புத்தகத்தில் இருக்கும். வேலிக்குக் கீழே இருந்தவரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், மேலே வந்ததுதான் சிக்கல். பிடுங்கிப் போடாதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். "நோட்டீஸ் கிடைத்தது, அனுமதிக்கு விண்ணப்பிக்கிறேன், முடிவு வரும்வரை நடவடிக்கையை நிறுத்தி வைக்கவும்" என்று எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது. மறுத்தால் ஏன் மறுக்கிறார்கள், என்ன மாற்றினால் ஒத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் தரவேண்டும், அதை எதிர்த்தும் 30 நாளுக்குள் போர்டிடம் (சங்கத்தின் நிர்வாகக் குழு) ஹியரிங் கேட்கலாம். 40 மனைக்கு மேல் உள்ள இடம் என்றால் இது பொருந்தும், உங்களுடையது நிச்சயம் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அந்த அளவுள்ள இடத்தில் போர்டு உறுப்பினரோ அவர் மனைவியோ இந்தக் கமிட்டியில் உட்காரவும் கூடாது. இதெல்லாம் சங்கம் பில்டர் கையை விட்டுப் போனபிறகு, அதாவது.

எதிர்க்கட்சி

பழைய பிளேனோ அண்ணா சொன்ன விதிமுறை எல்லாம் சரி. ஆனால் யாராவது ஒருத்தர் இதையும் சொல்லவேண்டும்: இது சின்ன ராஜாக்களின் ராஜ்ஜியம். நாலு லட்சம், அஞ்சு லட்சம் கடன் வாங்கி வீடு வாங்குகிறோம், கவுண்டிக்கு வீட்டு வரி கட்டியே முதுகு வளைகிறது, அதற்கும் மேலே எந்தப் பச்சையில் கதவுக்கு வண்ணம் அடிக்கலாம் என்று பக்கத்துத் தெரு ஆசாமி தீர்மானிக்கிறார். எங்கள் இடத்தில் ஒரு பாட்டி வீட்டுப் புல் காய்ந்திருக்கிறது என்று லெட்டர் அனுப்பினார்கள். எப்போது தெரியுமா? நகரசபையே தண்ணீர் ஊற்றக் கட்டுப்பாடு போட்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில். சட்டமன்றம் வரைக்கும் இந்தக் கூத்து போய், 2025-ல் ஒரு சட்டம் போட்டார்கள், தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும்போதும் அது முடிந்து 60 நாள் வரைக்கும் புல் பழுப்பேறியதற்கு ஃபைன் போடக்கூடாது என்று. ஒரு மாநிலமே உட்கார்ந்து இதற்கெல்லாம் சட்டம் எழுதவேண்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த "மனைப் பத்திரத்தில் நிபந்தனை" என்கிற ஏற்பாட்டின் பூர்வீகமும் அவ்வளவு அழகில்லை. வெள்ளையரல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த காலம் உண்டு. 1948-ல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், கோர்ட்டுகள் அந்த நிபந்தனையை நிறைவேற்றித் தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுக்கச் சட்டவிரோதம் ஆனது 1968-ல். பழைய பகுதிகளில் இன்னும் சில பத்திரங்களில் அந்த வரி அப்படியே கிடக்கிறது, செல்லாது, அவ்வளவுதான். பாகற்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் "எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தானே" என்று யாராவது சொல்லும்போது இது நினைவுக்கு வருகிறது.

என் அடுத்த வீடு எச்ஓஏ இல்லாத இடத்தில்தான்.

போர்டுக்காரர்

எதிர்க்கட்சி சார், நான் அந்தச் சின்ன ராஜாக்களில் ஒருவன். எங்கள் குடியிருப்பின் போர்டில் இருக்கிறேன், சம்பளம் கிடையாது, இரவு ஒன்பது மணிக்கு வரும் ஈமெயில்கள் மட்டும் உண்டு. கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள்.

900 டாலர் எங்கே போகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீச்சல்குளம் என்று நினைப்பீர்கள். எங்கள் இடத்தில் அதைவிட அதிகம் போவது புல் வெட்டவும் தண்ணீருக்கும்தான். நுழைவாயில் பூப்படுகை, தெரு நடுவே உள்ள புல் திட்டு, நடைபாதை ஓரம், எல்லாம் நகரசபை பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம், பார்ப்பதில்லை. அப்புறம் அந்தக் குளம். வாத்து நீந்துகிறது, குழந்தைகள் ரொட்டி போடுகிறார்கள், அழகாக இருக்கிறது. அது அழகுக்காக வெட்டியது இல்லை, மழைநீர் ஒரேயடியாக ஓடை நோக்கிப் பாயாமல் பிடித்து வைப்பதற்காகப் பில்டர் கட்டியது. இப்போது பராமரிக்கும் பொறுப்பு சங்கத்தினுடையது. வருஷக்கணக்காய் வண்டல் சேர்ந்தால் தூர்வாரவேண்டும், கரை சரிந்தால் கட்டவேண்டும். அதற்கு ரிசர்வ் நிதியில் (பெரிய செலவுக்கென்று சேர்த்து வைப்பது) காசு இல்லை என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று தனி வசூல் வரும். சந்தாவை வருஷா வருஷம் ஏற்றாமல் "நல்ல பெயர்" எடுக்கும் போர்டுதான் ஒருநாள் உங்கள் தலையில் பெரிய தொகையாக இறக்கும். ஆலங்கட்டி மழையால் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுவதைப் பற்றி நான் பேசவே இல்லை, உங்கள் எல்லோருக்கும் சொந்தக் கூரை இருக்கிறது, தெரியும்.

ஆகவே புதுவீட்டுக்காரரே, விதிப்புத்தகத்தோடு பட்ஜெட்டையும் ரிசர்வ் நிலவரத்தையும் எழுதிக் கேளுங்கள். உறுப்பினர் கேட்டால் கணக்கைக் காட்டத்தான் வேண்டும். hoa.texas.gov என்று டெக்சாஸ் அரசுக்கு ஒரு இணையதளமே இருக்கிறது, 2021 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு சங்கமும் தன் விவரத்தையும் கட்டணங்களையும் அங்கே பதியவேண்டும். வீட்டை விற்கும்போது சங்கத்திடம் வாங்கும் ரீசேல் சர்ட்டிஃபிகேட்டுக்கு (பாக்கி, விதி விவரச் சான்று) 375 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் அப்போதுதான் வரம்பு வந்தது. ஃபைன் எதற்கு எவ்வளவு என்ற பட்டியலும் சங்கத்திடம் இருந்தாகவேண்டும், 2024 தொடக்கத்திலிருந்து அது கட்டாயம். அந்தப் பட்டியலில் பந்தலுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று. உங்கள் குடியிருப்பில் இன்னும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்களா? அப்படியானால் போர்டில் இருப்பது அநேகமாகப் பில்டரின் ஆட்கள். மொத்த மனையில் 75 சதவீதம் விற்றபின் 120 நாளுக்குள், போர்டில் மூன்றில் ஒரு பங்கையாவது குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடத்தவேண்டும். அதுவரை நீங்கள் லெட்டர் வாங்குகிற இடத்தில்தான் இருப்பீர்கள், முடிவெடுக்கிற இடத்தில் இல்லை. தேர்தல் வந்தால் நில்லுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் சேராமல் ஒத்திவைத்து ஒத்திவைத்து நடத்துகிறோம், வந்த ஏழெட்டுப் பேரில் நம்மவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். வாட்ஸாப் குழுவில் மட்டும் இருநூறு மெசேஜ். போர்டுக் கூட்டமும் உறுப்பினருக்குத் திறந்ததுதான், வழக்கமான கூட்டத்துக்கு 144 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு தரவேண்டும். சந்தா ஏற்றம், தனி வசூல் போன்றவற்றை ஈமெயிலில் பேசி முடித்துவிட முடியாது, கூட்டத்தில்தான் ஓட்டுப் போடவேண்டும்.

படம் எடுத்தது போர்டு ஆளாக இருக்காது. சங்கத்தின் வேலைகளைப் பார்க்கும் மேனேஜ்மென்ட் கம்பெனி மாதத்துக்கு இத்தனை முறை சுற்றி வரவேண்டும் என்று ஒப்பந்தம். அவர்கள் அனுப்பும் பெண் காரை விட்டு இறங்காமலே ஐபேடில் படமெடுத்துக்கொண்டு போவார். அவருக்குப் புடலங்காய் தெரியாது. வேலிக்கு மேலே பச்சையாக நீளமாக ஏதோ தொங்கினால் பாம்பு என்றுகூட நினைத்திருக்கலாம்.

கோலக்காரி

தீபாவளி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறேன், சட்டம் மாநிலம் முழுக்க ஒன்றுதான்.

மத நம்பிக்கையால் வைக்கும் அலங்காரத்தை எச்ஓஏ தடுக்கக்கூடாது என்று டெக்சாஸில் சட்டம் இருக்கிறது. 2011-ல் வந்தபோது வாசல் கதவிலும் நிலையிலும் மட்டும், அதுவும் 25 சதுர அங்குலத்துக்குள் என்று இருந்தது. சின்னத் தோரணம்கூட அதில் அடங்காது! 2021-ல் அதைத் திருத்தி, வீட்டிலும் மனையிலும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆக்கினார்கள். ஆனால் பொது இடத்தில், தெருவிளக்குக் கம்பத்தில் கட்டக்கூடாது. எல்லைக்கோட்டிலிருந்து விடவேண்டிய தூரத்துக்குள் வரக்கூடாது. யாருக்கும் ஆபத்து இருக்கக்கூடாது. ஆகவே மாவிலைத் தோரணம், வாசலில் அகல், பிள்ளையார் படம், தைரியமாக வையுங்கள். மாவிலை எங்கே கிடைக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், நான் பிளாஸ்டிக்தான்.

கோலம் பற்றி இதுவரை ஒருவரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அரிசிமாவும் சாக்பீஸும் மழை வந்தால் போய்விடும். பெயின்டில் போட்டால் அது கான்கிரீட்டுக்கு நிறம் அடித்த கணக்கு, விண்ணப்பம் கேட்பார்கள். சர விளக்குதான் சிக்கல். பல இடங்களில் பண்டிகை விளக்கு என்றாலே கிறிஸ்துமஸை மனதில் வைத்து, நன்றிநாளுக்கு முன்னால் போடக்கூடாது, ஜனவரி பாதிக்குள் கழற்றவேண்டும் என்று தேதி எழுதியிருப்பார்கள். தீபாவளி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. சட்டம் நம் பக்கம் என்று வாதாடலாம், ஆனால் நாங்கள் செய்தது வேறு. தெருவில் உள்ள நாலைந்து குடும்பம் சேர்ந்து, "தேதியைக் குறிப்பிடாமல், பண்டிகைக்கு 30 நாள் முன்னும் பின்னும்" என்று விதியை மாற்றச் சொல்லிப் போர்டுக்கு எழுதினோம். ஹாலோவீனுக்கு மூன்று வாரம் எலும்புக்கூடு தொங்கவிடும் பக்கத்து வீட்டு அம்மாள்தான் முதல் கையெழுத்து. மாற்றிவிட்டார்கள்.

துளசி மாடம் முன்பக்கம் கட்டவேண்டும் என்று யாராவது கேட்பீர்கள். சிமென்ட் வைத்து நிரந்தரமாகக் கட்டினால் விண்ணப்பம் போட்டுவிட்டே கட்டுங்கள், பிறகு இடிக்கச் சொன்னால் மனசு கேட்காது.

ஃப்ரீமாண்ட் வாசி

இங்கே சொல்வதெல்லாம் டெக்சாஸ் சட்டம் என்பதை மற்ற மாநிலத்துக்காரர்கள் நினைவில் வையுங்கள். எங்கள் கலிபோர்னியாவில் எச்ஓஏக்களுக்கு டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம் தனி. 2025 ஜூலையிலிருந்து, உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட மீறல் தவிர மற்றதற்கு ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் ஃபைன் கிடையாது. டெக்சாஸில் அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. எங்கும் பொருந்துவது மத்திய விதிதான்: ஒரு மீட்டருக்குள் இருக்கும் டிஷ் ஆன்டெனாவை உங்கள் சொந்த இடத்தில் வைக்க எச்ஓஏ தடை போட முடியாது. அப்பா அம்மா வந்தால் தமிழ் சானலுக்கு டிஷ் போட்ட காலத்தில் இது பெரிய விஷயம், இப்போது எல்லாம் ஆப்பில் வந்துவிட்டது.

கான்டோ, டவுன்ஹோம் என்றால் டெக்சாஸிலேயே பல இடத்துக்கு வேறு அத்தியாயம், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவீட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. லெட்டரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாதாரணத் தபால், ஹியரிங் பற்றி ஒரு வரிகூட இல்லை, மேலே சின்ன எழுத்தில் "நினைவூட்டல்" என்று போட்டிருக்கிறது. குப்பைத் தொட்டி கேரேஜுக்குள் போய்விட்டது, மனைவியின் காரை ஓரடி தள்ளி நிறுத்தவேண்டியிருக்கிறது, அது தனிப் பஞ்சாயத்து.

கட்டுமானம் இன்னும் நடக்கிறது, போர்டில் மூன்று பேருமே பில்டர் கம்பெனி ஆட்கள்தான். வேலையெல்லாம் முடியும்வரை காத்திருப்பதா? விண்ணப்பத்தில் என்ன எழுதுவது, "பாகற்காய்ப் பந்தல்" என்றா?

பழைய பிளேனோ

காத்திருக்காதீர்கள், இந்த வாரமே அனுப்புங்கள். பதில் தர இத்தனை நாள் என்று உங்கள் விதியில் இருக்கும், பெரும்பாலும் 30. சில இடத்தில் அந்தக் கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாக ஆகும், சில இடத்தில் மறுத்ததாக ஆகும். அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

"காய்கறிக் கொடிக்கான மரச் சட்டகம், பருவகாலத்துக்கு மட்டும், நவம்பரில் பிரித்துவிடுவோம்" என்று எழுதுங்கள். எப்படியும் முதல் பனியில் கொடி கருகிவிடும், நீங்கள் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. மனை வரைபடத்தின் நகலில் இடத்தைக் குறியுங்கள், வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று போடுங்கள். ஓரத்தில் மின்கம்பிக்கோ வடிகாலுக்கோ ஒதுக்கிய பட்டை இருந்தால் அதற்குள் கால் நடக்கூடாது, அங்கே நட்டிருந்தால் முதலில் நகர்த்துங்கள். உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். மரத்துக்கு வேலியின் நிறத்திலேயே ஸ்டெய்ன் அடிப்பதாகச் சொல்லுங்கள், கமிட்டிகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இருவரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி இணையுங்கள், விதியில் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டடியை ஓரடியாகக் குறைக்கச் சொன்னால் குறைத்துவிட்டுக் கொடியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள், புடலை எப்படியும் கீழ்நோக்கித்தான் தொங்கப்போகிறது. அதற்கும் ஒத்துவராமல், ஹியரிங்கும் தராமல் ஃபைன் போட்டால் உங்கள் பகுதி ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கு (சிறு வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்) போகலாம். 209-ஆம் அத்தியாயத்தை மீறினால் அங்கேயே வழக்குப் போடலாம் என்று 2021-லிருந்து இருக்கிறது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. அதுவரை பறித்ததைச் சமையுங்கள், பழுக்க விட்டால் பாகல் வெடித்து வேலியெல்லாம் ஆரஞ்சு நிறம் ஆகிவிடும், அதற்கு மூன்றாவது லெட்டர் வரும்.